அந்தக் காலத்தில் இப்படிப் பிள்ளைகள் இல்லையா?

கேள்வி: எங்கள் வீடு கடலூர் முதுநகரில் இருக்கிறது. கணவர் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். எங்கள் மகனுக்கு 7 வயது. டவுன் சிண்ட்ரோம் என்று கைக்குழந்தையாக இருக்கும்போதே சொல்லிவிட்டார்கள். பக்கத்திலுள்ள அரசு உதவிபெறும் பள்ளியில் 2-ஆம் வகுப்பில் இருக்கிறான். பேச்சு தெளிவில்லை. ஆனால் பள்ளிக்குப் போக அழுததில்லை, பிள்ளைகளோடு நன்றாகச் சேர்ந்துகொள்கிறான். தலைமையாசிரியை, “இவனுக்கென்று தனிப் பள்ளி இருக்கிறதே, அங்கே சேர்த்தால் உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது” என்கிறார். கணவர் சென்னைக்கே குடிபோய்விடலாம் என்கிறார். மாமியாரோ, “எங்கள் காலத்தில் இப்படிப் பிள்ளைகளும் கிடையாது, இந்தப் பள்ளிகளும் கிடையாது. நீ கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது” என்று நாள் தவறாமல் சொல்கிறார். உண்மையிலேயே அந்தக் காலத்தில் இப்படிப் பிள்ளைகள் இல்லையா? இருந்திருந்தால் யார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? என் மகனை எந்தப் பள்ளியில் வைப்பது?

ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: சிறப்புக் கல்வி ஆலோசகர், புதுச்சேரி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் உங்கள் தலைமையாசிரியை சொன்னதையும் மாமியார் சொன்னதையும் அடுத்தடுத்துப் படித்தபோது, இருவர் மனத்திலும் இருப்பது ஒரே எண்ணம்தான் என்று பட்டது. இந்தப் பிள்ளைகளும் இவர்களுடைய படிப்பும் நேற்று எங்கிருந்தோ வந்தவை, பொதுப் பள்ளிக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது அந்த எண்ணம். அது சரித்திரப்படி தவறு. அதனால் கொஞ்சம் பழைய கதை பேசிவிட்டுத்தான் உங்கள் மகனின் பள்ளிக்கு வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரகணத்தை முதலில் தள்ளிவைத்துவிடுவோம். மனித உயிரணுவில் 21-ஆம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு மூன்று இருக்கிறது. இதை 1959-இல் பாரிஸில் ழெரோம் லெழேன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் கண்டறிந்து வெளியிட்டார்கள். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும் கட்டத்திலேயே நடந்துமுடிந்துவிடுகிற நிகழ்வு இது. நீங்கள் கருவுற்றிருப்பதே தெரிவதற்கு முன்பு நடந்தது. அதன்பிறகு வந்த கிரகணமோ, தின்ற பப்பாளியோ, பார்த்த வேலையோ ஒன்றையும் மாற்றியிருக்க முடியாது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனாலும் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்குக் குறைந்த தாய்மாருக்குத்தான் பிறக்கிறார்கள், ஏனென்றால் பிரசவங்களில் பெரும்பாலானவை அந்த வயதில்தான் நடக்கின்றன. நூற்றில் மூன்று, நான்கு பேருக்கு மட்டும் கூடுதல் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வகை சில குடும்பங்களில் பெற்றோர் வழியாக வரக்கூடும். இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்தால், மகனுக்கு எடுத்த குரோமோசோம் பரிசோதனை அறிக்கையை மருத்துவரிடம் காட்டி, எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாருக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கணவருக்கு விளக்குங்கள், அவர் தன் அம்மாவிடம் ஒருமுறை உறுதியாகச் சொல்லட்டும்.

இனி “அந்தக் காலத்தில் இல்லை” என்ற பேச்சு. ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் 1866-இலேயே இந்தப் பிள்ளைகளின் அடையாளங்களை எழுதிவைத்தார். அவர் பெயரில்தான் இன்றும் அழைக்கிறோம். அப்படியானால் உங்கள் மாமியார் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஏன் அவர் கண்ணில் படவில்லை? இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். சளிக் காய்ச்சல் எளிதில் நுரையீரலுக்கு இறங்கிவிடும். பென்சிலின் வருவதற்கு முன், 1920-களின் இறுதியில், மேலைநாடுகளிலேயே இவர்களின் சராசரி ஆயுள் சுமார் 9 ஆண்டுகள் என்றுதான் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று நல்ல மருத்துவம் கிடைக்கும் இடங்களில் அது 60-ஐ எட்டியிருக்கிறது. நம் ஊர்களில் மாந்தம் என்றும் கணை என்றும் சொல்லிப் பறிகொடுத்த குழந்தைகளில் உங்கள் மகனைப் போன்றவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்டவர்கள் யார் நினைவில் இருப்பார்கள்?

பிழைத்தவர்களும் இருந்தார்கள். மாடு மேய்த்தார்கள், வலை உலர்த்தினார்கள், தண்ணீர் சுமந்தார்கள். “அவன் கொஞ்சம் வெள்ளந்தி” என்று ஊர் சொல்லிவிட்டுப் போய்விடும். அதிகம் உதவி தேவைப்பட்டவர்கள் பின்கட்டோடு நின்றுவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்களின் பார்வையில் படாமல் வைக்கப்பட்டார்கள். அந்தக் காலத்தை நான் பொற்காலமாக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே மிகுதியாக இருந்த ஊரில், படிப்பு வராத ஒருவன் தனியாகத் தெரியமாட்டான் என்று மட்டும் சொல்கிறேன். காமராஜர் காலத்து இலவசக் கல்வியும் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தன. அப்போதுதான் யாருக்குப் பாடம் ஏறவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பிரான்சிலும் இதே கதைதான். 1882-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. வகுப்பில் பின்தங்குகிறவர்களை என்ன செய்வது என்ற கேள்வி அதன் பின்னாலேயே வந்தது. அதற்காக 1904-இல் அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவில் இருந்த ஆல்ஃபிரட் பினே, சிமோன் என்பவரோடு சேர்ந்து 1905-இல் வெளியிட்டதுதான் இன்றைய ஐ.க்யூ. சோதனைகளுக்கெல்லாம் மூத்தது.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்களே, எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். நான் வேலை செய்யும் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்மாவுக்குத் தெரு இருக்கிறது, கப்பற்படைத் தளபதி சுஃப்ரனுக்குத் தெரு இருக்கிறது. நான் இப்போது சொல்லப்போகும் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு சந்துகூட இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிஸில் லெப்பே என்ற பாதிரியார், காதுகேளாத ஏழைப் பிள்ளைகளைத் தன் வீட்டில் கூட்டிவைத்துச் சைகைகளாலேயே பாடம் நடத்தினார். 1785-இல் வாலந்தேன் அவுய் என்பவர் அதே நகரில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பிற்காலத்தில் அந்தப் பள்ளியில் படிக்கவந்த லூயி பிரெய்ல் என்ற மாணவர்தான், 1829-இல் ஆறு புள்ளிகளால் ஆன எழுத்துமுறையை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 20. பார்வையற்றோரின் எழுத்தைப் பார்வையற்ற ஒருவரே உருவாக்கினார் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் மகனுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கிளை, காட்டிலிருந்து வந்த ஒரு பையனிடமிருந்து தொடங்குகிறது. 1800-இல் தெற்குப் பிரான்சின் அவேரோன் பகுதியில், பேச்சு இல்லாமல் காட்டில் திரிந்த சுமார் 12 வயதுச் சிறுவனைப் பிடித்துப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். அந்நாளின் பெரிய மனநல மருத்துவர் பினேல் பார்த்துவிட்டு, இவனைத் திருத்த முடியாது என்றார். காதுகேளாதோர் நிறுவனத்தில் வேலை பார்த்த இளம் மருத்துவர் ழான் இத்தார் அதை ஏற்கவில்லை. பையனுக்கு விக்தோர் என்று பெயரிட்டு, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் தானே பாடம் நடத்தினார். வெந்நீர், தண்ணீர் வேறுபாட்டை உடம்புக்கு உணர்த்துவது, ஒலிகளைப் பிரித்துக் கேட்கவைப்பது, வெட்டிய எழுத்துகளைப் பலகையில் வரிசையாக அடுக்கவைப்பது என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே போனார். விக்தோர் பேசவில்லை. எழுத்துகளை அடுக்கி ‘பால்’ என்று கேட்கும் அளவுக்கு வந்தான். தோற்றுவிட்டேன் என்று நினைத்து இத்தார் நிறுத்திக்கொண்டார். விக்தோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் கெரேன் என்ற பணிப்பெண். பாடநூல்களில் அவருக்கு ஒரு வரிதான் கிடைக்கும்; என் கணக்கில் அந்த ஐந்தாண்டுப் பாடத்தில் பாதி அவருடையது.

இத்தார் தோல்வி என்று மூடிவைத்த குறிப்புகளை அவருடைய மாணவர் எதுவார் செகேன் கையில் எடுத்தார். 1840-களில் அறிவுசார் குறைபாடு கொண்ட பிள்ளைகளுக்குப் பாரிஸில் பாடம் நடத்தி, 1846-இல் தன் முறையை நூலாக எழுதினார். முதலில் உடம்பு: படியேறுவது, பிடிப்பது, எறிவது. அடுத்து புலன்கள்: சொரசொரப்பு, வழவழப்பு, வட்டம், சதுரம். அதன்பிறகுதான் எழுத்தும் எண்ணும். உங்கள் மகனைச் சோதித்த உளவியலாளர், பத்து மரத்துண்டுகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும் ஒரு பலகையை அவன் முன் வைத்திருக்கக்கூடும். அதன் பெயரே செகேன் பலகை.

கதை இங்கிருந்து ரோமுக்குப் போகிறது. 1900-இல் அறிவுசார் குறைபாடு கொண்ட குழந்தைகளுக்கான பள்ளியொன்றை நடத்திய மரியா மாண்டிசோரி என்ற இளம் மருத்துவர், இத்தாரையும் செகேனையும் தேடிப் படித்து, தன் கைப்படப் பெயர்த்து எழுதி, அவர்களுடைய கருவிகளைத் திருத்தி அமைத்தார். அவரிடம் படித்த பிள்ளைகள் சிலர் மற்றப் பிள்ளைகளுக்கான தேர்வையே எழுதித் தேறினார்கள். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவருக்கு எழுந்ததோ வேறு கேள்வி: இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்கிறார்கள் என்றால், மற்றப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகள் எந்த இலட்சணத்தில் வைத்திருக்கின்றன? 1907-இல் ரோமின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் அதே முறையைச் சாதாரணக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் பள்ளி நடத்தினார்.

இன்று கடலூரிலும் புதுச்சேரியிலும் எத்தனை எல்.கே.ஜி. வாசல்களில் ‘மாண்டிசோரி முறை’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே இருக்கும் உப்புத்தாள் எழுத்துகளுக்கும் மர உருளைகளுக்கும் மூலம், உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளுக்காக யோசித்துச் செய்த கருவிகள். அந்தக் கருவிகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு, “உங்கள் பிள்ளைக்கு எங்களிடம் வழியில்லை” என்று சொல்லும் பள்ளிகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரிவதில்லை. பொதுப் பள்ளி இந்தப் பிள்ளைகளுக்குக் கடன்பட்டிருக்கிறது. இடம் கொடுப்பதைத் தயவு என்று எண்ணிக்கொள்வது, கடன் வாங்கியவர் கடன் கொடுத்தவருக்குப் பிச்சை போடுவது போல.

முறை கண்டுபிடிக்கப்பட்டது சரி. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? கட்டடங்கள் வந்தன. செகேன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய முறையில் அங்கே எழுந்த நிறுவனங்கள், சில ஆண்டுகள் கற்பித்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் பள்ளிகளாகத்தான் தொடங்கின. வெளியே வேலை இல்லை, வீட்டில் வரவேற்பு இல்லை. மெல்ல மெல்ல அவை, உள்ளே போனவர் திரும்பாத விடுதிகளாயின. பினேயின் சோதனையும் தடம் மாறியது. உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான் அவர் அதைச் செய்தார். அறிவு மாறாத அளவு என்று அவர் நம்பவில்லை. அமெரிக்காவில் கோடார்ட் போன்ற உளவியலாளர்கள் அதே சோதனையை முத்திரை குத்தும் கருவியாக்கினார்கள். அந்த முத்திரையை வைத்துப் பல மாநிலங்களில் கட்டாயக் கருத்தடைச் சட்டங்கள் வந்தன. 1927-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அத்தகைய சட்டமொன்றைச் செல்லும் என்றது. நாஜி ஜெர்மனி 1939-இலிருந்து இவர்களைக் கொல்லவே செய்தது. இதற்கு மேல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும், உங்கள் வீட்டில் நடக்கும் விவாதத்துக்கு அது தேவை. 1880-இல் மிலான் நகரில் காதுகேளாதோர் கல்வி மாநாடு கூடியது. பேச்சுப் பயிற்சிதான் ஒரே வழி, வகுப்பில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானித்தவர்களில் காதுகேளாதவர் ஒரே ஒருவர். அதன்பிறகு பல நாடுகளில் பிள்ளைகளின் கைகளைக் கட்டிவைத்தும், அடித்தும் பேசப் பழக்கினார்கள். சிலருக்குப் பேச்சு வந்தது. பலருக்குப் பேச்சும் வரவில்லை, சைகையும் இல்லை. மொழியே இல்லாமல் வளர்ந்தார்கள். அதே மாநாட்டு மரபினர் 130 ஆண்டுகள் கழித்து, 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடி அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். “இதுதான் சரியான ஒரே இடம், ஒரே வழி” என்று பிள்ளையைப் பார்க்காமலே யாராவது சொன்னால் எனக்கு மிலான் நினைவுக்கு வந்துவிடும். சிறப்புப் பள்ளிதான் சரி என்று தலைமையாசிரியை சொன்னாலும் அப்படித்தான், எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பள்ளியில்தான் இருக்க வேண்டும் என்று கருத்தரங்கில் நண்பர்கள் முழங்கினாலும் அப்படித்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் இந்தப் பணிக்கு மூத்த ஊர் பாளையங்கோட்டை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஆஸ்க்வித் என்ற பெண்மணி பார்வையற்றோருக்கும், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற பெண்மணி காதுகேளாதோருக்கும் பள்ளி நடத்தத் தொடங்கினார்கள். ஆனால் அறிவுசார் குறைபாடு கொண்டவர்களுக்கு நம் நாட்டில் நெடுங்காலம் பள்ளி என்ற பேச்சே இல்லை. அவர்களை மனநோயாளிகளோடு சேர்த்துப் பார்த்த 1912-ஆம் ஆண்டுச் சட்டம், 1987-இல் புதிய மனநலச் சட்டம் இயற்றப்படும் வரை மாறவில்லை. நமக்குப் பாடத்திட்டம் போட்டுத்தந்த இங்கிலாந்திலும், கடுமையான குறைபாடு கொண்ட பிள்ளைகள் ‘கற்பிக்க இயலாதவர்கள்’ என்று 1970-இல் சட்டம் வரும்வரை பள்ளிக்கு வெளியேதான் இருந்தார்கள்.

இங்கே அந்த நிலையை உடைத்தவர்களில் பலர் பெற்றோர்கள். மூளை முடக்குவாதம் கொண்ட மகளுக்குப் பள்ளி கிடைக்காத மிது அலூர், 1972-இல் மும்பையில் ஒரு சங்கத்தைத் தொடங்கிப் பள்ளி கண்டார். சென்னையில் 1985-இல் இன்றைய வித்யாசாகர் நிறுவனத்தைத் தொடங்கிய பூனம் நடராஜனும் அப்படி ஒரு தாய்தான். பொதுப் பள்ளியோடு இணைக்க வேண்டும் என்று 1966-இல் கோத்தாரி குழு எழுதியது. 1974-இல் மத்திய அரசு அதற்கென்று ஒரு திட்டம் போட்டது. 1995-இல் முதல் சட்டம், 2009-இல் கல்வி உரிமைச் சட்டம், 2016-இல் இப்போது நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். கடைசிச் சட்டத்தின் 31-ஆம் பிரிவை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு கொண்ட 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ அவன் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு என்கிறது அது. எந்தப் பள்ளி என்று முடிவு செய்கிற உரிமை உங்கள் பக்கம் இருக்கிறது, தலைமையாசிரியையிடம் இல்லை. பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். உதவிபெறும் பள்ளிக்குச் சொல்ல வேண்டுமா?

என் கருத்தைக் கேட்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், 5-ஆம் வகுப்பு வரையாவது அவன் இப்போதுள்ள பள்ளியிலேயே இருக்கட்டும். அழாமல் போகிறான், பிள்ளைகள் சேர்த்துக்கொள்கிறார்கள்; இந்த இரண்டும் எளிதில் கிடைப்பவை அல்ல. டவுன் சிண்ட்ரோம் கொண்ட பிள்ளைகள் பார்த்துச் செய்வதில் கெட்டிக்காரர்கள். வரிசையில் நிற்பது, தட்டைக் கழுவி வைப்பது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வது எல்லாம் பக்கத்துப் பையனைப் பார்த்தே பாதி வந்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு வரை யாரையும் தேர்ச்சியில்லை என்று நிறுத்துவதில்லை. ஒன்றும் கற்காமலே அவனும் 8-ஆம் வகுப்பு வரை போய்விடலாம். அப்படிக் கடைசிப் பெஞ்சில் ஓவியம் போல உட்கார்ந்து ஆண்டுகளைக் கழித்த பிள்ளைகள் 14 வயதில் என்னிடம் வருகிறார்கள். அப்போது வேலை மிகக் கடினம். உட்காரவைத்திருக்கிறார்களா, சொல்லிக்கொடுக்கிறார்களா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. சிறப்புப் பள்ளியைப் பார்க்கப் போனாலும் இதையே பாருங்கள். பளபளப்பான கட்டடத்தில் நாள் முழுக்கத் தொலைக்காட்சி ஓடுகிற இடங்களும் உண்டு.

பள்ளியில் என்ன கேட்பது? வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வாரத்தில் எந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள். தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. நடப்பில் ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் வரும் நாளில் நீங்களும் பள்ளிக்குப் போங்கள். உங்கள் மகனுக்கென்று தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். “எழுத்தறிவு மேம்படும்” என்று எழுதியிருந்தால் அது திட்டமே இல்லை. “பொங்கலுக்குள் தன் பெயரையும் வீட்டாரின் பெயர்களையும் அட்டையில் பார்த்து அடையாளம் காண்பான்”, “ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களைப் பிரிப்பான்” என்று இருந்தால் அது திட்டம். வகுப்பாசிரியையிடம் இரண்டே வேண்டுகோள்: முன்வரிசை, அவனுடைய முகத்தைப் பார்த்துச் சின்ன வாக்கியமாகப் பேசுவது. இவ்வளவுக்குப் பிறகும் வெளியேறும்படி நெருக்கினால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும், தேவைப்பட்டால் மாநில ஆணையருக்கும் மனு எழுதலாம்.

வீட்டில் பாடத்தை எழுத்திலிருந்து தொடங்காதீர்கள். முழுச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது நிற்கும். ‘அம்மா’, ‘பால்’, ‘பந்து’ என்று பெரிய எழுத்தில் அட்டை எழுதி, பொருளோடு சேர்த்துக் காட்டுங்கள். படிக்கத் தொடங்கிய பிறகு பேச்சே தெளிவடைவதை நான் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். நீங்கள் தையல் வேலை செய்கிறீர்கள். பொத்தான்களை நிறம் வாரியாகப் பிரிப்பது, துணியின் சொரசொரப்பையும் வழவழப்பையும் தொட்டுச் சொல்வது, டேப்பை நீட்டி எண்ணைப் படிப்பது எல்லாம் செகேன் பார்த்தால் மகிழ்ந்துபோகும் பாடங்கள். கத்தரியும் ஊசியும் மட்டும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

சென்னைக்குக் குடிபோக வேண்டாம். கணவரின் வேலை, உங்கள் கைத்தொழில், அவனைத் தெரிந்த தெரு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய், அங்கே வாடகைக்கும் ஆட்டோவுக்கும் உழைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒருமுறை முழு மதிப்பீடு வேண்டுமென்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005-இலிருந்து மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். புதுச்சேரியிலும் 2003-இல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி போன்ற இடங்கள் உள்ளன. முள்ளோடையைத் தாண்டினால் வந்துவிடுகிற தொலைவுதான். ஆனால் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் வேறு அரசு, வேறு சலுகைகள். மாத உதவித்தொகையும் பஸ் சலுகையும் உங்களுக்குத் தமிழ்நாட்டு அரசிடமிருந்துதான் வரும். அறிவுசார் குறைபாடு கொண்டவர்களுக்குத் தமிழ்நாடு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். வாங்குகிறீர்களா என்று எழுதவில்லை; இல்லையென்றால் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் பிரிவில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை மட்டும் இரண்டு பக்கமும், நாடு முழுவதும் செல்லும். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ என்ற மருத்துவக் காப்பீட்டில் அறிவுசார் குறைபாடு கொண்டவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பெறலாம். கட்டணம் மிகக் குறைவு. பேச்சுப் பயிற்சிச் செலவுக்கும் அதில் இடமுண்டு.

இவற்றில் எதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. “பேச்சு தெளிவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள், காது பரிசோதித்ததாக எழுதவில்லை. டவுன் சிண்ட்ரோம் கொண்ட பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம். வலி இருக்காது, வெளியே தெரியாது. நாம் பேசுவது தண்ணீருக்கடியில் கேட்பது போலத்தான் கேட்கும். “சொன்னால் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறான்” என்று ஆசிரியை சொல்வதில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ கோரிமேட்டில் ஜிப்மரிலோ செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். போகிற அன்றே தைராய்டுக்கு ரத்தம் கொடுங்கள், கண்ணையும் காட்டுங்கள். பிறந்தபோது இதயத்துக்கு எக்கோ எடுக்காமல் விட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காது பரிசோதனையின் முடிவு கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். பேச்சுப் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது என்பதை அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.